டிரோல் மலை மெட்டு ஸ்காட்லாந்துக்குச் சொந்தமானது எப்படி?

பேக்பைப் கற்கும் மாணவர்கள் தொடக்க ஆண்டுகளிலேயே பழகிவிடும் மெட்டுகளில் ஒன்று ‘தி கிரீன் ஹில்ஸ் ஆஃப் டிரோல்’. டிரோலின் பச்சை மலைகள் என்று பொருள். கில்ட் அணிந்த பைப் பேண்டு குழுவினர் அணிவகுத்து வரும் இடங்களில், எடின்பரோவானாலும் டொரான்டோவானாலும் ஆக்லாந்தானாலும், இந்த மெட்டுக்கு நிரந்தரமான ஓர் இடம் உண்டு. கேட்பவர்கள் இதை ஸ்காட்லாந்தின் ஹைலண்ட்ஸ் மலைநாட்டில் தலைமுறை தலைமுறையாக வந்த இசை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் டிரோல் மலைகள் நிற்பது ஆஸ்திரியாவிலும் வட இத்தாலியிலும். மெட்டை எழுதியவர் ஓர் இத்தாலியர். அது முதன்முதலில் ஒலித்தது பாரிஸ் நகரத்து ஆப்பெரா மேடையில். இந்தச் செய்தியைக் கேள்விப்படுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வருகிறார்கள். ‘அப்படியானால் இது ஸ்காட்லாந்து இசையே அல்ல’ என்பது ஒன்று. ‘எங்கிருந்து வந்தால் என்ன, யார் எழுதினால் என்ன’ என்பது மற்றொன்று. இரண்டுமே தவறு என்பதுதான் என் வாதம். இந்த மெட்டு ஸ்காட்லாந்துக்கு உரியதுதான். அந்த உரிமையை அது உழைப்பால் பெற்றது. உழைப்பால் பெற்றது என்பதாலேயே உழைத்தவர்களின் பெயரை மறைப்பது நியாயமாகாது.

கதையை அந்த இத்தாலியரான ரோஸினியிடமிருந்து தொடங்க வேண்டும். ஆஸ்திரிய ஆதிக்கத்தை எதிர்த்து நின்ற சுவிஸ் வீரன் வில்லியம் டெல்லைப் பற்றி ஜெர்மன் நாடகாசிரியர் ஷில்லர் 1804-இல் ஒரு நாடகம் எழுதினார். அதை அடிப்படையாக வைத்து ரோஸினி அமைத்த பிரெஞ்சு மொழி ஆப்பெரா 1829 ஆகஸ்ட் 3 அன்று பாரிஸில் அரங்கேறியது. அதன் பின் அவர் 39 ஆண்டுகள் உயிரோடிருந்தும் வேறு ஆப்பெரா எழுதவில்லை. மூன்றாம் அங்கத்தில், ஆல்ட்டார்ஃப் சந்தைத் திடலில், கொடுங்கோல் ஆளுநன் கெஸ்லர் ஆஸ்திரிய ஆட்சியின் நூறாம் ஆண்டைக் கொண்டாடுகிறான். ஊர்ப் பெண்களைப் படைவீரர்களோடு ஆட வைக்கிறார்கள். அந்தக் கொண்டாட்டத்தில் வரும் ஆட்டமும் கூட்டுப்பாட்டும்தான் நம் மெட்டின் பிறப்பிடம். அது ‘டிரோலியன்’ என்னும் நடன வகையைச் சேர்ந்தது. அந்நாளில் ஆல்ப்ஸ் மலைப் பாட்டுகளின் மீது ஐரோப்பிய நகரங்களுக்குப் பெரும் மோகம் இருந்தது. டிரோலின் ஸில்லர் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ரெய்னர் குடும்பத்துப் பாடகர்கள் 1827-இல் இங்கிலாந்துக்கே வந்து பாடிப் புகழ்பெற்றார்கள். சுவிஸ் கதைக்குள் டிரோல் ஆட்டம் நுழைந்தது அந்த மோகத்தால்தான். ஆக, பிறந்த இடத்திலேயே இந்த மெட்டு ஒரே நாட்டுக்குச் சொந்தம் என்று சொல்ல முடியாதபடிதான் பிறந்தது.

அதன் பிறகு நடந்தது இதைவிடச் சுவையானது. 1830-இல் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் இந்த ஆப்பெராவை மேடையேற்றியவர்கள் கதையையே டிரோலுக்கு மாற்றினார்கள். 1809-இல் நெப்போலியனின் ஆதிக்கத்துக்கு எதிராக டிரோல் மக்களைத் திரட்டிப் போராடி, அடுத்த ஆண்டே சுட்டுக் கொல்லப்பட்ட ஆண்ட்ரியாஸ் ஹோஃபரை டெல்லின் இடத்தில் கதாநாயகன் ஆக்கினார்கள். மிலான் நகரம் அப்போது ஆஸ்திரிய ஆட்சியின் கீழ் இருந்தது. ஆஸ்திரியர்களையே கொடியவர்களாகக் காட்டும் நாடகத்தை அங்கே தணிக்கை அனுமதிக்காது. அதனால் 1836-இல் லா ஸ்காலா அரங்கில் அதே இசையோடு கதையை ஸ்காட்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். வில்லியம் டெல் ஸ்காட்லாந்து வீரர் வில்லியம் வாலஸ் ஆனார்; ஆஸ்திரியர்களின் இடத்தில் ஆங்கிலேயர்கள் வந்தார்கள். ஸ்காட்லாந்து பைப்பர் ஒருவர் இந்த மெட்டைக் கையில் எடுப்பதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலிய மேடை இந்த இசைக்கு ஸ்காட்லாந்து உடையை அணிவித்துவிட்டது. மிலான் மேடைக்கும் அந்த பைப்பருக்கும் தொடர்பு இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இசை ஒரு மண்ணோடு வேர்பிடித்துக் கிடப்பது என்ற நம் எண்ணத்துக்கு வரலாறு எவ்வளவு எளிதாக எதிர்ச்சாட்சி தருகிறது என்பதைச் சொல்லவே இதைக் குறிப்பிடுகிறேன்.

அந்த பைப்பரின் பெயர் ஜான் மக்லவுட். 93-ஆம் சதர்லண்ட் ஹைலண்டர்ஸ் படைப்பிரிவில் பைப் மேஜர், அதாவது பைப்பர்களின் தலைவர். ரஷ்யாவை எதிர்த்து பிரிட்டன், பிரான்ஸ், துருக்கி ஆகியவை நடத்திய கிரிமியப் போரில் அந்தப் படைப்பிரிவு களத்தில் இருந்தது; 1854 அக்டோபர் 25 அன்று பலாக்லாவாவில் ரஷ்யக் குதிரைப்படையை மெல்லிய வரிசையில் நின்று தடுத்ததற்காக இன்றும் பேசப்படுகிறது. கூட்டணியில் சேர்ந்த சார்டீனிய அரசின் படையில் இருந்த பேண்டு வாத்தியக் குழு ரோஸினியின் டிரோல் ஆட்டத்தை வாசித்ததைக் கேட்டு, மக்லவுட் அதை பேக்பைப்புக்கு ஏற்றபடி எழுதிக்கொண்டார் என்பது பைப்பர்கள் வழிவழியாகச் சொல்லும் வரலாறு. பல இடங்களில் இதற்கு 1854 என்று ஆண்டு குறித்திருக்கிறார்கள். அங்கே ஒரு சிக்கல் உண்டு. சார்டீனியா கூட்டணியில் சேர்ந்ததே 1855 ஜனவரியில்தான். அதன் படை கிரிமியாவில் வந்திறங்கியது அதே ஆண்டு மே மாதத்தில். போர் 1856 மார்ச்சில் ஒப்பந்தத்தோடு முடிந்தது. சார்டீனிய பேண்டைத்தான் மக்லவுட் கேட்டார் என்றால் அது 1855-க்கு முன் நடந்திருக்க வழியில்லை. ஆண்டு பிழை என்பதால் கதை முழுவதையும் தள்ளிவிட வேண்டியதில்லை. மெட்டு ரோஸினியுடையது என்பதற்கு ஆப்பெராவின் இசைப்பிரதியே சாட்சி. பலாக்லாவாவைச் சுற்றி இரு நாட்டுப் படைகளும் அண்டை முகாம்களில் மாதக்கணக்கில் இருந்ததும் உண்மை. ஆண்டைத் திருத்திக்கொண்டால் கதை நம்பத்தக்கதாகவே நிற்கிறது.

இனி, மக்லவுட் செய்தது வெறும் நகலெடுப்பா என்று பார்க்க வேண்டும். ஹைலண்ட் பேக்பைப்பில் மெட்டு வாசிக்கும் குழலுக்கு ஒன்பதே சுரங்கள். அந்த ஒன்பதுக்கு மேலும் கீழும் போக வழியில்லை. ஆப்பெராவில் போல வாசிப்பின் நடுவே வேறு சுருதிக்குத் தாவவும் முடியாது. தோளில் சாய்ந்து நிற்கும் மூன்று நெடுங்குழல்கள், நாகஸ்வரத்தின் பக்கத்தில் ஒலிக்கும் ஒத்தைப் போல, ஒரே ஆதார சுருதியை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். பையில் அடைத்த காற்று இடைவிடாமல் குழலுக்குள் போவதால் வாசிப்பின் நடுவே மௌனம் கிடையாது. மெல்ல வாசிப்பது, உரக்க வாசிப்பது என்ற வேறுபாடும் கிடையாது. ஆப்பெரா மேடையின் கூட்டுப்பாடகர்களும் பேண்டின் பித்தளை வாத்தியங்களும் எவற்றை நம்பி உணர்ச்சியைக் காட்டினவோ, அவை ஒன்றுகூட பைப்பரிடம் இல்லை. ஒரே சுரம் அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் அவற்றைப் பிரித்துக் காட்டக்கூட அவர் நடுவில் கண்ணிமைக்கும் நேரத்துக்கு வேறொரு சுரத்தைத் தொட்டு மீள வேண்டும்.

அந்தத் தொட்டு மீளும் சிறு சுரங்கள்தான் பேக்பைப் இசையின் உயிர். அவற்றை விரல்கள் தனியாகவும் கொத்துக் கொத்தாகவும் போடுகின்றன. ஒவ்வொரு கொத்துக்கும் பெயரும் முறையும் உண்டு. எந்தச் சுரத்துக்கு முன் எது வரலாம் என்ற ஒழுங்கும் உண்டு. அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒலியைக் கூட்ட முடியாத பைப்பர், அங்கே ஒரு கொத்தை வைக்கிறார்; அல்லது அந்தச் சுரத்தைச் சற்றே நீட்டி அடுத்ததைக் குறுக்குகிறார். இந்த விரல்மொழி ஸ்காட்லாந்து ஹைலண்ட்ஸில் பல நூற்றாண்டுகளாக ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு வாய்மொழியாக வந்தது. ‘கன்ட்டராக்ட்’ என்னும் முறையில் ஆசிரியர் பொருளற்ற அசைகளைப் பாடியே சுரங்களையும் விரல் கொத்துகளையும் சொல்லிக்கொடுப்பார். ரோஸினியின் மெட்டு இந்த மொழிக்குள் வந்தபோது அதன் வடிவம் ஒன்பது சுரங்களுக்குள் அடங்கியது. ஒவ்வொரு சுரத்துக்கும் ஹைலண்ட் விரலடி சேர்ந்தது. அடியில் ஆதார சுருதி நிலைத்தது. மெட்டின் எலும்புக்கூடு இத்தாலியருடையது. அதைச் சுற்றி வளர்ந்த சதையும் நரம்பும் ஸ்காட்லாந்துடையவை. காதில் விழுவது இரண்டும் சேர்ந்த உடல்.

மெட்டு பொருந்தியதற்கு இன்னொரு காரணம் அதன் தாளம். படைமுகாம்களில் மாலை நேரத்தில் ‘ரிட்ரீட்’ என்றொரு வழக்கம் உண்டு. நம் நாளிதழ்கள் இதைப் பாசறை திரும்புதல் என்று எழுதுகின்றன. பொழுது சாயும்போது முரசு அறைந்து வீரர்களைப் பாசறைக்கு அழைத்து, இரவுக் காவலை நிறுத்தும் முறை இது. தோற்றுப் பின்வாங்குவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. இந்தச் சடங்குக்கென்று பைப்பர்கள் வளர்த்த நடை மெட்டுகள் பெரும்பாலும் மூன்று தட்டுச் சுழற்சியில் அமைந்தவை. மூன்று தட்டில் இரண்டு கால்களால் நடக்கும்போது ஒரு வித்தை நடக்கிறது. முதல் சுழற்சியில் இடது காலில் விழுந்த அழுத்தம் அடுத்த சுழற்சியில் வலது காலில் விழும். இதனால் நடையில் விறைப்பு குறைந்து ஒரு மெல்லிய அசைவு வருகிறது. போருக்குப் போகும் வேகம் போய், நாள் முடிந்த நிதானம் வருகிறது. ரோஸினி எடுத்துக்கொண்ட டிரோல் ஆட்டமும் மூன்று தட்டுதான். ஆல்ப்ஸ் மலையின் ஆட்டத் தாளமும் பிரிட்டிஷ் படையின் மாலைத் தாளமும் ஒரே கணக்கில் இருந்ததால் மெட்டு அந்த இடத்தில் சிரமமில்லாமல் உட்கார்ந்துகொண்டது. மக்லவுட்டின் காது பிடித்தது அந்தப் பொருத்தத்தைத்தான். எந்த இசையை எங்கே கொண்டு வைக்கலாம் என்று அறிவதும் படைப்பின் ஒரு பகுதியே.

இங்கே முதல் மறுப்பு எழும். பேக்பைப்பின் மெய்யான மரபு ‘பீப்ராக்’ என்னும் பெருமிசை. ஸ்கை தீவின் மக்ரிமன் குடும்பத்தார் மக்லவுட் குலத்தலைவர்களின் பரம்பரை பைப்பர்களாக இருந்து வளர்த்தது. அதன் பக்கத்தில் ஆப்பெராவிலிருந்து எடுத்த ஒரு நடை மெட்டை மரபு என்று வைப்பது எப்படித் தகும் என்று கேட்பார்கள். பீப்ராக்கின் ஆழத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நடை மெட்டு என்ற வகையின் வரலாற்றை அதற்குரிய காலத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்று பைப் பேண்டுகள் வாசிக்கும் நடை மெட்டுகளில் பெரும்பான்மை 19-ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் படைப்பிரிவுகளுக்குள் பிறந்தவை. ஹைலண்ட் படைப்பிரிவுகளுக்கு ஒரு பைப் மேஜரும் ஐந்து பைப்பர்களும் என்று அரசே கணக்கில் இடம் ஒதுக்கியது 1854-இல்தான். அதற்கு முன் அதிகாரிகள் தம் சொந்தச் செலவில் பைப்பர்களை வைத்திருந்தார்கள். பைப்பர்களும் முரசுக்காரர்களும் சேர்ந்து அணிவகுக்கும் பைப் பேண்டு என்ற அமைப்பே அந்நூற்றாண்டில்தான் உருப்பெற்றது. அந்த மரபு வளர்ந்துகொண்டிருந்த காலத்திலேயே மக்லவுட்டின் மெட்டும் வந்து சேர்ந்தது. முற்றிப்போன மரபுக்குள் பின்னால் புகுந்த அந்நியப் பொருளாக அதைக் கருத இடமில்லை.

பழமையைப் பற்றிய நம் எண்ணங்கள் எவ்வளவு தவறாகப் போகக்கூடும் என்பதற்கு பேக்பைப் வரலாற்றிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1746-இல் கலோடனில் ஹைலண்ட் கிளர்ச்சியாளர்கள் தோற்ற பிறகு பிரிட்டிஷ் அரசு பேக்பைப்பைச் சட்டம் போட்டுத் தடை செய்தது என்று பல புத்தகங்கள் சொல்லிவந்தன. அந்தச் சட்டம் ஆயுதங்களையும் ஹைலண்ட் உடையையும் குறிப்பிடுகிறது. பேக்பைப்பைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. ஜேம்ஸ் ரீட் என்ற பைப்பரை அதே ஆண்டு யார்க் நகரில் தூக்கிலிட்டது உண்மை. ஆனால் அது கிளர்ச்சிப் படையில் இருந்ததற்காக வழங்கிய தண்டனை. தடைக்கதை மக்களின் மனத்தைத் தொட்டதால் நிலைத்தது. தூய்மையான, கலப்பற்ற, ஒடுக்குமுறையைத் தாண்டி வந்த இசை என்ற படம் கேட்பதற்கு இதமாக இருக்கிறது. அந்தப் படத்துக்குள் ரோஸினிக்கு இடமில்லாமல் போனதில் வியப்பில்லை.

இரண்டாவது மறுப்பு இதற்கு நேர் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. ஹைலண்ட் மரபு என்பதே பின்னாளில் புனைந்தது என்று வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-ரோப்பர் 1983-இல் வெளிவந்த கட்டுரையில் வாதிட்டார். இன்றைய கில்ட் உடையின் வடிவமே 18-ஆம் நூற்றாண்டில் ஓர் ஆங்கிலேயத் தொழிலதிபர் செய்தது என்றார். அந்தப் பார்வையில் நம் மெட்டு, பேரரசு தன் படைக்கு மாட்டிய அலங்காரங்களில் ஒன்று. இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. 93-ஆம் படைப்பிரிவைத் திரட்டிய சதர்லண்ட் மாவட்டத்தில்தான், ஆட்டுப் பண்ணைகளுக்காக நிலவுடைமையாளர்கள் குடியானவர்களை வீடுவாசலிலிருந்து வெளியேற்றினார்கள். அதே படைப்பிரிவு 1857-இல் லக்னோவில் சிக்கந்தர் பாக்கில் புகுந்து இந்தியச் சிப்பாய்களைக் கொன்று குவித்தது. இந்திய வாசகர்கள் இதை மறந்துவிட்டு அந்தப் படையின் இசையை ரசிக்க வேண்டும் என்று யாரும் கேட்க முடியாது. ஆயினும் படையை நடத்திய அதிகாரமும், படைக்குள் இருந்த ஒரு கலைஞரின் காதும் விரலும் ஒன்றல்ல. நிறுவனத்தைப் பேரரசு உருவாக்கியது. அதற்குள் வாசித்த விரலடிகளைப் பேரரசு உருவாக்கவில்லை. அவை அதற்கு மிகவும் முந்தியவை. மரபு ஒரு காலத்தில் உருவாக்கப்பட்டது என்று காட்டினால் அது பொய் என்று நிறுவியதாகாது. உருவாக்கப்படாத மரபு எதுவும் இல்லை.

அப்படியானால் பேக்பைப்பில் வாசித்த எந்த மெட்டையும் ஸ்காட்லாந்து மரபு என்று சொல்லிவிடலாமா என்பது மூன்றாவது மறுப்பு. மூன்றிலும் கூர்மையானது இதுதான். சொல்லிவிட முடியாது. என் கணக்கில் நான்கு சோதனைகள் உண்டு. மெட்டு அந்தக் கருவியின் கட்டுப்பாடுகளுக்குள் உருமாறியிருக்க வேண்டும். அந்தச் சமூகத்தின் வாழ்வில் அதற்கென ஒரு வேலை இருக்க வேண்டும். ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு அது தொடர்ந்து போயிருக்க வேண்டும். அதைத் தொடக்கமாக வைத்துப் புதியவை பிறந்திருக்க வேண்டும். 1972-இல் ராயல் ஸ்காட்ஸ் ட்ரகூன் கார்ட்ஸ் பைப் பேண்டின் ‘அமேசிங் கிரேஸ்’ பிரிட்டனின் இசைத்தட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது; அந்த மெட்டு அமெரிக்காவிலிருந்து வந்தது. ‘ஹைலண்ட் கதீட்ரல்’ 1982-இல் இரண்டு ஜெர்மானியர் எழுதியது. இன்று ஸ்காட்லாந்தின் திருமணங்களில் அது தவறாமல் ஒலிக்கிறது. இவையும் அந்த நான்கு சோதனைகளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன. எவ்வளவு தூரம் வந்திருக்கின்றன என்பதில் வாதத்துக்கு இடமுண்டு. டிரோல் மெட்டைப் பற்றி அந்த ஐயம் இல்லை. நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அது பாசறை திரும்பும் நடையாக வேலை செய்கிறது. ‘வென் தி பேட்டில்ஸ் ஓவர்’ என்ற மெட்டோடு சேர்த்து அதை வாசிப்பது பைப் பேண்டுகளின் வழக்கமாகிவிட்டது. மேல் மெட்டுக்கு இணையாக இரண்டாம் குரல் வாசிக்கும் பழக்கமும் அதைச் சுற்றி வளர்ந்திருக்கிறது.

நான்காவது சோதனைக்குச் சான்று 1961-இல் கிடைத்தது. பாடகர் ஆண்டி ஸ்டுவர்ட் இந்த மெட்டுக்குச் சொற்கள் எழுதி ‘எ ஸ்காட்டிஷ் சோல்ஜர்’ என்ற பாட்டாகப் பாடினார். பிரிட்டனில் அது மாதக்கணக்கில் விற்பனைப் பட்டியலில் நின்றது. ஸ்காட்லாந்தியர் குடியேறிய நாடுகளிலெல்லாம் பரவியது. தூரதேசத்தில் சாகக் கிடக்கும் ஒரு படைவீரன், தன்னைச் சுற்றியிருக்கும் பச்சை மலைகள் தன் ஊர் மலைகள் அல்லவே என்று ஏங்குவதுதான் அதன் பொருள். ஆகவே ஸ்டுவர்ட் டிரோலை மறைக்கவில்லை. அந்த மலைகள் அந்நியமானவை என்பதையே பாட்டின் துயரமாக்கினார். வெளியிலிருந்து வந்த மெட்டு, வெளியே போய் மாண்டவர்களின் பாட்டாக ஊர் திரும்பியது. மூலத்தை ஒளித்துவைத்தால்தான் ஒரு மெட்டு நம்முடையதாகும் என்று நினைப்பவர்களுக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை.

இந்தப் பயணம் ஸ்காட்லாந்தோடு முடிந்துவிடவும் இல்லை. பிரிட்டிஷ் படைவழி வந்த பேக்பைப் இந்தியப் படைப்பிரிவுகளில் விடுதலைக்குப் பிறகும் தங்கிவிட்டது. குடியரசு தின விழாவின் நிறைவாக ஜனவரி 29 அன்று டெல்லியில் நடக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் இந்தியப் படைகளின் பைப்பர்கள் இந்திய மெட்டுகளை வாசிக்கிறார்கள். மக்லவுட் இத்தாலிய மெட்டை எடுத்துத் தன் விரல்களுக்குக் கொடுத்தார். இங்குள்ளவர்கள் கருவியை எடுத்துத் தம் மெட்டுகளைக் கொடுத்தார்கள். திசைதான் மாறியிருக்கிறது, செயல் ஒன்றே. எங்கிருந்து வந்தது என்ற கேள்வியோடு நின்றுவிட்டால் இந்த இரண்டையும் கடன் என்று மட்டுமே எழுதி வைப்போம். வாங்கியவர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டால்தான் இரண்டிலும் உள்ள கலை தெரியும்.

இனி நடைமுறைக்கு வருகிறேன். பல இசைத்தாள்களிலும் ஒலிப்பதிவுகளிலும் இந்த மெட்டின் தலைப்புக்குக் கீழே ‘மரபு இசை’ என்று மட்டும் அச்சிட்டிருக்கும். இது மெட்டுக்குச் செய்யும் மரியாதைபோலத் தோன்றும். உண்மையில் அது இரண்டு மனிதர்களை ஒரே சொல்லால் அழித்துவிடுகிறது. ரோஸினி உலகறிந்தவர்; அவர் புகழுக்கு இதனால் குறைவில்லை. மக்லவுட்டுக்கு இதைவிட்டால் உலகில் வேறு நினைவுச்சின்னம் ஏதும் பெரிதாக இல்லை. மரபு என்றால் பெயரில்லாத மக்கள் கூட்டம் ஒன்று தானாகப் பாடியது என்ற எண்ணத்தை இந்த வழக்கம் வளர்க்கிறது. மரபைச் செய்தவர்கள் எப்போதும் தனித்தனி மனிதர்கள்தான். பலரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவே. கிடைத்த பெயரையும் விட்டுவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. மெட்டு: ரோஸினி, பைப் அமைப்பு: ஜான் மக்லவுட் என்று அச்சிட ஒரு வரி போதும். அந்த ஒரு வரியால் மெட்டின் ஸ்காட்லாந்துத் தன்மை அணுவளவும் குறையாது. அந்தத் தன்மை எப்படி உண்டானது என்பதை, அதைக் கற்கும் அடுத்த மாணவர் முதல் நாளிலேயே அறிந்துகொள்வார். தன் விரல்களும் அந்த வேலையைத் தொடரலாம் என்ற துணிவும் அவருக்கு வரும்.